ஹார்ட் ஃபெயிலியர் வந்தவர் நடக்கலாமா? எவ்வளவு, எப்படி?

கேள்வி இது: “அப்பாவுக்கு வயது 62. எக்கோவில் ஈ.எஃப். 30 சதவீதம். மூச்சுத்திணறலுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்து, வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. ‘மெல்ல மெல்ல நடங்க’ என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு நேரம், எந்த வேகம் என்று தெரியவில்லை. இதயம் தாங்குமோ என்ற பயத்தில் அவர் நாற்காலியை விட்டு எழுவதே இல்லை.”

அவர் நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும். அளவையும் வேகத்தையும் பிறகு சொல்கிறேன். அவரை நாற்காலியில் கட்டிப்போட்டிருப்பது பயம் என்பதால் அதை முதலில் பார்த்துவிடுவோம்.

ஹார்ட் ஃபெயிலியர், தமிழில் ‘இதயச் செயலிழப்பு’, என்ற பெயரே பாதிப் பயத்தைக் கொண்டுவந்துவிடுகிறது. இதயம் நின்றுபோனது என்றோ, இன்றோ நாளையோ நிற்கப் போகிறது என்றோ அதற்குப் பொருள் இல்லை. உடம்பு கேட்கிற அளவுக்கு ரத்தத்தைத் தள்ள இதயம் திணறுகிறது, அவ்வளவே. ஈ.எஃப். 30 என்றால் ‘இதயம் 30 சதவீதம்தான் வேலை செய்கிறது’ என்று வீடுகளில் பேசிக்கொள்வதும் தவறு. இடது கீழறையில் நிரம்பியிருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஆரோக்கியமான இதயத்திலும் அது 55 முதல் 70 வரைதான் இருக்கும். நூறு யாருக்குமே கிடையாது.

அந்த எண்ணை வைத்து ஒருவரால் எவ்வளவு நடக்க முடியும் என்று சொல்லிவிட முடியாது. ஈ.எஃப். 30 உள்ள இருவரில் ஒருவர் இரண்டு மாடி ஏறுவார். இன்னொருவருக்குக் குளித்துவிட்டு வருவதற்குள் மூச்சு வாங்கும். இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு இதயத்துக்கு வெளியே, காலில் இருக்கிறது.

நோய் நீடிக்கும்போது தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் மெலிகின்றன. நெடுநேரம் களைக்காமல் உழைக்கும் மெதுநார்கள் குறைந்து, சீக்கிரம் களைத்துப்போகும் வேகநார்களின் பங்கு கூடுகிறது. ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் தசைக்குள் ஓடும் நுண்குழாய்களும் குறைகின்றன. ரத்தக்குழாய் விரிய வேண்டிய நேரத்தில் சரியாக விரிவதில்லை. அதனால் கொஞ்ச தூரம் நடந்ததுமே தசையில் கழிவு சேர்ந்துவிடுகிறது. ‘இங்கே முடியவில்லை’ என்று தசை நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. மூளை மூச்சை வேகப்படுத்துகிறது, ரத்தக்குழாய்களை இறுக்குகிறது. குழாய் இறுகினால் பலவீனமான இதயம் இன்னும் அதிக எதிர்ப்பைத் தாண்டி ரத்தத்தைத் தள்ள வேண்டும். மூச்சுவாங்குகிறது என்று உட்கார்ந்தால் தசை மேலும் மெலியும், மறுமுறை இன்னும் சீக்கிரம் மூச்சுவாங்கும். உங்கள் அப்பா இந்தச் சுழலில்தான் இருக்கிறார்.

நடைப்பயிற்சி இந்தச் சுழலைக் காலிலிருந்து உடைக்கிறது. ஈ.எஃப். பெரிதாக ஏறாமலேயே நடை தூரம் கூடும். வந்து சேரும் அதே ரத்தத்திலிருந்து அதிக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளத் தசை கற்றுக்கொள்வதுதான் காரணம். மூன்று மாதம் கழித்து எடுத்த எக்கோவில் எண் மாறவில்லையே என்று பயிற்சியை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்த எண்ணுக்காக நாம் நடக்கவில்லை என்பதை அப்பாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

1980-கள் வரை இந்த நோய்க்குப் படுக்கை ஓய்வுதான் அறிவுரை. 1988-லும் 1990-லும் வெளியான சிறிய ஆய்வுகள், பலவீனமான இதயம் உள்ளவர்களும் பயிற்சியைத் தாங்குகிறார்கள், பலனும் அடைகிறார்கள் என்று காட்டின. இதுவரை நடந்தவற்றில் பெரியது 2009-ல் வெளியான ‘ஹெச்.எஃப். ஆக்‌ஷன்’ ஆய்வு. ஈ.எஃப். 35 அல்லது அதற்குக் கீழே இருந்த 2,331 பேர் அதில் சேர்ந்தார்கள். பயிற்சி பாதுகாப்பானது என்பது அதில் தெளிவானது. இறப்பு, ஆஸ்பத்திரிச் சேர்க்கை இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது முதல் கணக்கில் பெரிய வித்தியாசம் வரவில்லை. நோயின் கடுமையைக் கணக்கில் சேர்த்துச் சரிசெய்தபோது 11 சதவீதக் குறைவு தெரிந்தது. அந்த ஆய்வில் பலரும் சொன்ன அளவுக்குப் பயிற்சி செய்யவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஆயுள் இத்தனை வருடம் கூடும் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். மூச்சுவாங்காமல் அதிக தூரம் நடக்கலாம், தன் வேலையைத் தானே செய்துகொள்ளலாம், திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகும் வாய்ப்பு குறையும் என்று தயங்காமல் சொல்லலாம்.

தொடங்கும் முன்

பயிற்சி நோய் நிலையாக இருக்கும் காலத்துக்கானது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுவாங்கினால், இரவில் தலையணையைக் கூட்டி வைத்துக்கொண்டுதான் தூங்க முடிந்தால், கால் வீக்கம் ஏறிக்கொண்டே போனால், எடை மூன்று நாளில் 2 கிலோ கூடியிருந்தால் அது நடப்பதற்கான நேரம் இல்லை, டாக்டரைக் கூப்பிடுவதற்கான நேரம். ஓய்வில் வரும் நெஞ்சுவலி, கட்டுப்படாத படபடப்பு, அறிகுறி தரும் கடுமையான பெருந்தமனி வால்வுச் சுருக்கம், இதயத் தசையிலோ உறையிலோ அழற்சி, புதிதாக ஏற்பட்ட ரத்தக்கட்டி, காய்ச்சல் ஆகியவை இருக்கும்போதும் தொடங்கக் கூடாது. மருந்துகளின் அளவு சமீபத்தில் மாறியிருந்தால், உடம்பு அதற்குப் பழகும்வரை சில நாள் பொறுக்கலாம்.

ரத்த அழுத்தம் குறைவாக இருக்கிறதே என்பது பலர் கேட்கும் சந்தேகம். இந்த நோய்க்கான மருந்துகளில் பெரும்பாலானவை அழுத்தத்தைக் குறைப்பவை. மேல் எண் 90-லிருந்து 100-க்குள் இருந்தும் தலைசுற்றல் இல்லாமல் நன்றாக நடமாடுகிறவர்கள் பயிற்சி செய்யலாம். எண்ணைவிட அறிகுறிக்கே மதிப்பு அதிகம். எழுந்து நின்றதும் கண் இருட்டினால் மட்டும், முதலில் மருந்து வேளைகளை டாக்டரிடம் பேசிச் சரிசெய்யுங்கள்.

நடை தொடங்குவதற்கு முன் ஒரு பரிசோதனை கட்டாயம் வேண்டும். வசதியுள்ள இடத்தில், முகமூடி மாட்டி மூச்சுக்காற்றை அளந்தபடியே டிரெட்மில்லிலோ சைக்கிளிலோ செய்யும் கார்டியோபல்மனரி டெஸ்ட் மிகச் சிறந்தது. அது இல்லாத இடத்தில் ஈ.சி.ஜி.யுடன் மெதுவாகக் கூடும் டிரெட்மில் டெஸ்ட். அதுவும் இல்லையென்றால் ஆறு நிமிட நடைச் சோதனை: 30 மீட்டர் நீளத் தாழ்வாரத்தில் தன் வேகத்தில் முன்னும் பின்னும் நடக்க வேண்டும், வேண்டுமானால் நின்று இளைப்பாறலாம், ஆறு நிமிட முடிவில் மொத்த தூரத்தை அளப்பார்கள். 300 மீட்டருக்குக் குறைவு என்றால் நோய் கடுமையாக இருக்கிறது என்று பொருள். அவருக்கு ஆரம்பப் பயிற்சி ஆஸ்பத்திரியில், மானிட்டர் மாட்டி, பிசியோதெரபிஸ்ட் பார்வையில் நடப்பதே சரி. பிற்பாடு இதே சோதனையில் 30 மீட்டர் கூடினாலே அது உண்மையான முன்னேற்றம்.

டெஸ்ட் அன்று ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. சில டெஸ்ட்களுக்கு முன், இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையான பீட்டா பிளாக்கரை நிறுத்தச் சொல்வது வழக்கம். அந்த நினைப்பில் இதற்கும் மாத்திரை போடாமல் போய்விடுகிறார்கள். பயிற்சியின் அளவைத் தீர்மானிக்கும் டெஸ்ட்டுக்கு, தினமும் போடும் மாத்திரைகளை அதே நேரத்தில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். மாத்திரையின் பிடியில்தான் அவர் தினமும் நடக்கப் போகிறார், அளவும் அதே நிலையில் எடுக்கப்பட வேண்டும்.

நாடித்துடிப்பா, மூச்சா?

220-லிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு கிடைக்கும் என்ற சூத்திரம் எல்லா இடத்திலும் ஓடுகிறது. ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள், ஆபத்து. ஏன் என்று கணக்கே காட்டும். 62 வயதுக்குச் சூத்திரம் தரும் உச்சம் 158. பீட்டா பிளாக்கர் எடுக்கும் ஒருவரின் ஓய்வுத் துடிப்பு 68, டெஸ்ட்டில் அவர் முழுக்கக் களைத்தபோது கண்ட உச்சம் 118 என்று வைத்துக்கொள்வோம். சூத்திரப்படி 158-க்கும் 68-க்கும் வித்தியாசம் 90. அதில் 60 சதவீதம் 54. ஓய்வுத் துடிப்போடு கூட்டினால் 122. அதாவது ‘மிதமான’ பயிற்சி என்று சூத்திரம் சொல்லும் எண், அவர் முழுக்கக் களைத்துத் தொட்ட உச்சத்துக்கும் மேலே நிற்கிறது! அதை எட்டிப் பிடிக்க அவர் முயன்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரியான கணக்கு டெஸ்ட்டில் கண்ட எண்ணிலிருந்து தொடங்கும். 118-ல் 68 போக 50. அதில் 40 சதவீதம் 20. 68-ஐக் கூட்டினால் 88. 60 சதவீதத்துக்கு 98, 70 சதவீதத்துக்கு 103. ஆரம்ப வாரங்களில் 88-ஐ ஒட்டி, உடம்பு பழகிய பின் 98-லிருந்து 103-க்குள். பீட்டா பிளாக்கரின் அளவை டாக்டர் மாற்றினால் இந்த எண்கள் செல்லாது, புதிதாக எடுக்க வேண்டும்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு இருந்தால் நாடியை நம்பவே முடியாது. அப்போது குன்னர் போர்க் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் வகுத்த சிரம அளவுகோல் கைகொடுக்கும். 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது, 20 என்றால் இதற்குமேல் முடியவே முடியாது என்பது. நோயாளி தானே எண் சொல்ல வேண்டும். முதல் சில வாரம் 11, அதாவது ‘லேசாக இருக்கிறது’. பிறகு 12, 13, ‘கொஞ்சம் சிரமம்’. 14-ஐத் தாண்ட வேண்டாம். இந்த எண் விளையாட்டு அப்பாவுக்குப் பிடிபடவில்லை என்றால் பேச்சுச் சோதனை போதும்: நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு எடுக்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் அதிகம். பாட்டே பாட முடிகிறது என்றால், சில வாரங்கள் பழகிய பிறகு, வேகத்தைக் கொஞ்சம் கூட்டலாம்.

வாரம் வாரமாக

ஆறு வாரம் நாற்காலியில் இருந்தவருக்கு ‘தினமும் அரை மணி நேரம்’ என்பது முதல் நாளிலேயே தோற்கடிக்கும் அளவு. ஐந்து நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். காலை, நண்பகலுக்கு முன், மாலை என்று மூன்று வேளை, சமதளத்தில், வேளைக்கு 5 நிமிடம். ஐந்து நிமிடம் தொடர்ந்து முடியவில்லை என்றால் 2 நிமிடம் நடை, 1 நிமிடம் நிற்றல் அல்லது உட்காருதல் என்று மாறி மாறிச் செய்யலாம். உட்கார்ந்த நிமிடத்தைத் தோல்வியாக அவர் நினைக்கக் கூடாது. தசைக்குத் தேவை மொத்த நடை நேரம்தான். வேகத்துக்கு ஒரு வழி: ஆறு நிமிடச் சோதனையில் 300 மீட்டர் நடந்தவரின் சராசரி நிமிடத்துக்கு 50 மீட்டர், ஆரம்பத்தில் அதில் 60, 70 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 30 முதல் 35 மீட்டர் போதும். பார்ப்பவருக்கு ஊர்வதுபோலத் தெரியும், பரவாயில்லை.

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வேளையிலும் ஒரு நிமிடம் கூட்டுங்கள். வேளை 10 நிமிடத்தைத் தொட்டதும் மூன்று வேளையை இரண்டாக்கலாம். பிறகு 15, பிறகு ஒரே வேளையில் 20. எட்டாவது வாரத்தை ஒட்டி 30 நிமிடத் தொடர் நடை வந்தால் நன்று. பத்து வாரம் ஆனாலும் குறையில்லை. கூட்டும் வரிசை முக்கியம்: முதலில் நேரம், அடுத்து வாரத்தில் எத்தனை நாள், கடைசியில்தான் வேகம். ஒரே வாரத்தில் இரண்டைச் சேர்த்துக் கூட்டினால், களைப்பு எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

இலக்கு வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 முதல் 40 நிமிடம். ஹெச்.எஃப். ஆக்‌ஷன் ஆய்வில் வீட்டுப் பயிற்சியின் அளவு ஐந்து நாள், 40 நிமிடம்தான். அதற்கும் குறைவாகச் செய்தவர்களும் வெறுங்கையோடு போகவில்லை. மிதமான வேகத்தில் வாரத்தில் நான்கு நாள் அரைமணி நடைக்குச் சமமான அளவு செய்தவர்களிடமே நல்ல முடிவுகள் தெரிந்தன.

நடைக்கு முன் 10 நிமிடம் உடலைத் தயார் செய்வதும், பின் 10 நிமிடம் படிப்படியாகத் தணிப்பதும் மற்றவர்களைவிட இவர்களுக்கு அவசியம் அதிகம். விறைத்திருக்கும் குழாய்கள் விரிய நேரம் கேட்கின்றன. நடையைச் சட்டென்று நிறுத்தினாலோ, காலில் விரிந்த குழாய்களில் ரத்தம் தேங்கி அழுத்தம் விழும். அழுத்தம் குறைக்கும் மாத்திரைகளும் சேர்ந்து மயக்கம் வரும். பெரும்பாலான மயக்கங்கள் நடக்கும்போது வருவதில்லை, முடித்து நின்ற பிறகு வருகின்றன. நடை முடிந்த கையோடு வெந்நீரில் குளிப்பதும் அதே காரணத்துக்காகவே ஆபத்து. அரைமணி போகட்டும்.

நேர்ப்பாதையில் வெகுதூரம் போய்த் திரும்புவதைவிட வீட்டைச் சுற்றிச் சின்ன வட்டமாக நடப்பது மேல். களைப்பு தெரியும் இடத்தில் வீடு பக்கத்தில் இருக்கும். பிற்பாடு நிலைசைக்கிளில் செய்ய விரும்பினால் 10 முதல் 25 வாட், நிமிடத்துக்கு 50, 60 சுற்று. நீச்சல் இப்போதைக்கு வேண்டாம்: கழுத்தளவு நீரில் இறங்கியதும் நீரின் அழுத்தம் காலில், வயிற்றில் இருக்கும் ரத்தத்தை நெஞ்சுக்குத் தள்ளும், ஏற்கெனவே நிரம்பித் தவிக்கும் இதயத்துக்கு அது கூடுதல் சுமை. தலையைக் கீழே வைக்கும் ஆசனங்களும் மூச்சை அடக்கும் பயிற்சிகளும் கூடாது. மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளில் மூச்சு முட்டினால் அவற்றையும் விட்டுவிடுங்கள்.

விரைவாகவும் மெதுவாகவும் மாறி மாறிச் செய்யும் தீவிர இடைவெளிப் பயிற்சி பற்றி நீங்கள் படித்திருக்கலாம். 2007-ல் 27 பேரிடம் செய்த ஒரு ஆய்வு அதைப் பற்றிப் பெரிய எதிர்பார்ப்பைக் கிளப்பியது. 2017-ல் 261 பேரிடம் நடந்த ‘ஸ்மார்ட்டெக்ஸ்’ ஆய்வில், மிதமான தொடர் பயிற்சியைவிட அது மேல் என்று நிரூபணமாகவில்லை. தீவிரப் பிரிவில் பாதிப் பேர் சொன்ன தீவிரத்தை எட்டவில்லை, மிதப் பிரிவில் பெரும்பாலோர் சொன்னதைவிடக் கூடுதலாகவே செய்தார்கள். மனிதர்கள் தாங்கும் வேகத்துக்குத் தாங்களே வந்து சேர்ந்துவிடுகிறார்கள். வீட்டில், கண்காணிப்பு இல்லாமல், தீவிரப் பயிற்சி அப்பாவுக்கு வேண்டாம்.

தசை வலுவுக்கு

மூன்று நான்கு வாரம் நடந்து பழகிய பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள், அடுத்தடுத்த நாளாக இல்லாமல், தசைப் பயிற்சி சேர்க்க வேண்டும். பலரும் விட்டுவிடும் பகுதி இதுதான். ஆனால் படி ஏறவும், கழிவறையிலிருந்து எழவும், பேருந்தில் கால் வைக்கவும் உதவுவது தொடை வலு.

முதல் பயிற்சிக்கு ஒரு நாற்காலி போதும். 45 சென்டிமீட்டர் உயரம், கைப்பிடி உள்ளது, சுவரோடு ஒட்டிப் போட்டது. கையை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். முடியாவிட்டால் இருக்கையில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், வாரங்கள் போகப்போக எடுத்துவிடலாம். ஐந்து முறையில் தொடங்கி 10, பிறகு ஒன்றிரண்டு நிமிட இடைவெளி விட்டு இன்னொரு 10. ஐந்துமுறை எழுந்து உட்கார 15 விநாடிக்கு மேல் ஆகிறதென்றால் தொடை பலவீனமாக இருக்கிறது என்று பொருள். மாதம் ஒருமுறை இதை நேரம் பார்த்துக் குறித்துவையுங்கள். அடுத்து, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல், சுவரில் கை வைத்துத் தள்ளுதல், அரை கிலோ அல்லது ஒரு கிலோ எடையை முழங்கையை மடக்கித் தூக்குதல். 10 முதல் 15 முறை செய்த பிறகும் இன்னும் சில முறை செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்துவதுதான் அளவு. உச்சபட்சமாக ஒரே ஒருமுறை தூக்கக்கூடிய எடையில் கைகளுக்கு 30, 40 சதவீதமும், கால்களுக்கு 40 முதல் 60 சதவீதமும் போதும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு மூச்சைப் பிடிப்பது. தம் கட்டித் தூக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் தடைபடும். விட்டதும் மொத்தமாக வந்து மோதும், ரத்த அழுத்தமும் ஏறி இறங்கும். எழும்போதும் தூக்கும்போதும் வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். எண்ணுகிறவரால் தம் கட்ட முடியாது. எடையை அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்பது, கைகளைத் தலைக்கு மேல் நீண்டநேரம் வைத்திருப்பது இரண்டையும் தவிர்க்க வேண்டும்.

மூச்சுத் தசைகளும் இந்த நோயில் பலவீனமடைகின்றன. உள்ளிழுக்கும் வலுவை அளந்து பார்த்து, இருக்க வேண்டியதில் 70 சதவீதத்துக்கும் கீழே இருந்தால், எதிர்ப்பு தரும் சிறு கருவி வழியாக மூச்சை இழுக்கும் பயிற்சி உதவும்: உச்ச வலுவில் 30 சதவீத எதிர்ப்பில் தொடங்கி, நாளுக்கு 20, 30 நிமிடம், குறைந்தது எட்டு வாரம். நடக்கவே முடியாதவர்களுக்கு இது நல்ல ஆரம்பம்.

மருந்தும் கருவியும்

நீர் மாத்திரை போட்ட ஒன்றிரண்டு மணி நேரம் கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும், அழுத்தமும் இறங்கியிருக்கும். நடையை அதற்கு முன்போ, இரண்டு மூன்று மணி கழித்தோ வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்த நாளில் நடை வேண்டாம்; நீரோடு பொட்டாசியமும் இறங்கினால் துடிப்பு தடுமாறும். கெண்டைக்காலில் அடிக்கடி நரம்பு இழுத்தால் பொட்டாசியம், மெக்னீசியம் பார்க்கச் சொல்லுங்கள். இன்சுலின் அல்லது சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை எடுப்பவர் நடைக்கு முன் சர்க்கரை பார்க்க வேண்டும். சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் பீட்டா பிளாக்கர் மறைத்துவிடும். பெரும்பாலும் வியர்வைதான் எச்சரிக்கும்.

ஒழுங்காகப் பயிற்சி செய்தும் ஆறு எட்டு வாரத்தில் எந்த முன்னேற்றமும் இல்லையென்றால் இரும்புச்சத்தைப் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இரும்பு குறைந்திருக்கலாம்: ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் அளவு) 100-க்குக் கீழே, அல்லது 100-லிருந்து 299-க்குள் இருந்து டிரான்ஸ்ஃபெரின் செறிவு (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று கொள்கிறார்கள். நரம்பு வழியாக இரும்பு ஏற்றினால் நடைத்திறன் கூடுகிறது. இரும்பு மாத்திரை இந்த நோயாளிகளிடம் அவ்வளவாக வேலை செய்வதில்லை.

ஐ.சி.டி. (ஆபத்தான துடிப்பை ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி) பொருத்தியிருந்தால் அது எத்தனை துடிப்பில் ஷாக் கொடுக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சியின் உச்சத் துடிப்பு அதற்கு 10 முதல் 20 வரை கீழேயே இருக்க வேண்டும். ஒரே ஒரு ஷாக் வந்து, பிறகு உடம்பு நன்றாக இருந்தால் அன்றே மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள். இரண்டு ஷாக், அல்லது ஒன்று வந்தும் உடம்பு சரியில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸ். சி.ஆர்.டி. கருவி உள்ளவருக்கு மேல்வரம்பு ஒன்று இருக்கும், துடிப்பு அதைத் தாண்டினால் இரு கீழறைகளையும் சேர்த்துத் தூண்டும் வேலை தவறிவிடும்; நன்றாக நடந்துகொண்டிருந்தவர் குறிப்பிட்ட வேகத்தில் திடீரென்று களைத்துப் போவதற்கு இது ஒரு காரணம். அசைவை உணர்ந்து துடிப்பைக் கூட்டும் பேஸ்மேக்கர் நிலைசைக்கிளில் சரியாக வேலை செய்யாமல் போகலாம், ஏனென்றால் நெஞ்சு அசைவதில்லை. அவருக்கு நடைதான் நல்லது. கருவி வைத்த பக்கக் கையை முதல் ஆறு வாரம் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. அதற்காகக் கையை அசைக்காமலேயே வைத்தால் தோள் இறுகிவிடும்.

ஈ.எஃப். 50-க்கு மேல் இருந்தும் ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவர்களுக்கும் இந்த முறை பொருந்தும், பலனும் தெளிவாகவே தெரிகிறது. அவர்களுக்கு இதயம் விறைத்திருப்பதால் நிரம்ப நேரம் பிடிக்கும். ஆகவே மெல்லக் கூட்டுவதில் இன்னும் பொறுமை வேண்டும்.

எங்கே தவறுகிறது

நல்ல நாள் ஒன்று வரும். உடம்பு லேசாக இருக்கிறது என்று அப்பா 15 நிமிடத்துக்குப் பதில் 40 நிமிடம் நடந்துவிட்டு வருவார். அடுத்த இரண்டு நாள் எழ முடியாது. ‘நடந்ததால்தான் இப்படி’ என்று பயம் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். நான் சொன்னவற்றில் எதைவிட்டாலும் இதை விடாதீர்கள்: நல்ல நாளில் திட்டத்தைத் தாண்ட விடாதீர்கள். அளவு சரியா என்பதற்கு அடையாளம், நடை முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் மூச்சும் களைப்பும் பழைய நிலைக்கு வருவது. அன்றிரவு தூக்கம் கெட்டாலோ, மறுநாள் காலையிலும் களைப்பு நீடித்தாலோ அளவு அதிகம். முந்தைய படிக்கு இறங்கி அங்கே ஒரு வாரம் நில்லுங்கள்.

நடக்கும்போது நெஞ்சில் வலி அல்லது இறுக்கம், கண் இருட்டல், குளிர்ந்த வியர்வை, திடீர்ப் படபடப்பு, ஒரு வார்த்தை சொல்லக்கூட மூச்சு இல்லாமை வந்தால் அங்கேயே உட்கார வேண்டும். ‘வீடு வரை போய்விடுவோம்’ என்று நடப்பது கூடாது. சில நிமிட ஓய்வில் அடங்காவிட்டால் ஆம்புலன்ஸ். அடங்கினாலும் டாக்டரிடம் சொல்லாமல் மறுநாள் நடை கிடையாது.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். ஒரு நோட்டில் எடை, நடந்த நிமிடம், சிரம எண், இரவு எத்தனை தலையணை என்று நான்கு பத்தி போதும். மூன்று நான்கு நாளாக அதே தூரத்துக்குச் சிரம எண் ஏறிக்கொண்டே போனால், எடை ஏறுவதற்கும் முன்பே நீர் சேரத் தொடங்கியிருக்கலாம். அதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நடைதான். சாப்பிட்ட ஒன்றரை மணி நேரத்துக்குள் நடை வேண்டாம், வயிற்றுக்கும் காலுக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் கொடுக்க இந்த இதயத்தால் முடியாது. கடும் வெயிலிலும் கடுங்குளிரிலும் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும்.

வித்தியாசம் மூன்று நான்கு வாரத்தில் தெரியத் தொடங்கும், மூன்று மாதத்தில் நன்றாகத் தெரியும். நிறுத்தினால் சில வாரங்களிலேயே வந்தது போய்விடும். காய்ச்சல், பயணம், வீட்டு விசேஷம் என்று இடையில் நிற்பது சகஜம். மூன்று நாள் நின்றிருந்தால் பழைய அளவிலேயே தொடரலாம். ஒரு வாரம் என்றால் நேரத்தைப் பாதியாக்கித் தொடங்கி, ஒரு வாரத்தில் பழைய இடத்துக்கு வாருங்கள். ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்திருந்தால், வீடு திரும்பியதும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மறுபடி ஐந்து நிமிடம், மூன்று வேளை.